காசநோயை எங்கெங்கே கற்பிக்கிறோம்? மருத்துவப் பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டப் பொறுப்பு வகிக்கும் பெருமக்கள்,
கிண்டி, சென்னை.

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் மருத்துவன் அல்லேன். மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் வசித்து வருகிறேன். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சொல்லப்போகும் குறை அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை; யாரையும் சுட்டிக்காட்டுவதும் என் நோக்கமன்று. உங்கள் இணைப்புக் கல்லூரிகளில் நடைபெறும் ஒவ்வொரு பாடவேளையும், உலகெங்கும் மருத்துவ நூலகங்களும் மருத்துவமனைகளும் பயன்படுத்தும் பொதுச் சொற்பட்டியல் ஒன்றின் சொல்லோடு பதிவாக வேண்டும் என்பதே என் கோரிக்கை. எதற்காக இதைக் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், இறுதியாண்டு மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, “சார், டிபியை நாங்க எந்தெந்த கிளாஸ்ல படிச்சோம்னு ஒரே இடத்துல பார்க்க முடியுமா?” என்று கேட்டார். பத்து நிமிட வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். துறைதோறும் சென்று பழைய கால அட்டவணைகளை வாங்கி வந்து பரப்பிப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நுண்ணுயிரியல் அட்டவணையில் ‘ஆசிட் ஃபாஸ்ட் பேசில்லை’ என்றிருந்தது. நோய்க்குறியியலில் ‘கிரானுலோமேட்டஸ் இன்ஃப்ளமேஷன்’. எலும்பியலில் ‘பாட்ஸ் ஸ்பைன்’, தோல் நோய்ப் பிரிவில் ‘லூபஸ் வல்காரிஸ்’, அறுவை மருத்துவத்தில் ‘கோல்டு ஆப்செஸ்’, குழந்தை மருத்துவத்தில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. வார்டில் நோயாளியின் காதில் விழக்கூடாது என்பதற்காக மருத்துவர்கள் சொல்லிப் பழகிய ‘கோக்ஸ்’ என்ற சொல்லையே ஒரு துறை அட்டவணையிலும் எழுதி வைத்திருந்தது. இவை யாவும் ஒரே கிருமியின் வேலை. ஆனால் ‘டிபி’ என்ற இரண்டெழுத்தைத் தேடியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட அகப்பட்டிருக்காது. ‘லூபஸ்’ என்று தேடியிருந்தாலோ காசநோய்க்குத் தொடர்பே இல்லாத வேறொரு நோய் வந்து முன்னால் நின்றிருக்கும்.

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இடம் என்பது ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரியும். யாராவது சொல்லிக்கொடுத்தால் ஒழியக் கணினிக்குத் தெரியாது. இப்படிச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மருத்துவ நூலகர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து வருகிறோம். 1879-இல் அமெரிக்காவில் மருத்துவக் கட்டுரைகளுக்கான அடைவாக ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ தொடங்கப்பட்டது. அந்த மரபில், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் வெளியிட்ட பொருள் தலைப்புப் பட்டியலே நாங்கள் ‘மெஷ்’ என்று அழைப்பது. இன்று அதில் ஏறத்தாழ 30,000 தலைப்புகள் உள்ளன, ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் கோக்ஸ் நோய் என்று தேடினால் காசநோய்க்கும், பாட்ஸ் நோய் என்று தேடினால் முதுகெலும்புக் காசநோய்க்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தலைப்புகள் மரக்கிளைகள்போல ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், காசநோய் என்ற கிளையை விரித்தால் தோல், எலும்பு, நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கும் வகைகள் எல்லாம் சேர்ந்தே வரும். நுரையீரல் காசநோய் தொற்றுநோய்க் கிளையிலும் இருக்கும், சுவாச நோய்க் கிளையிலும் இருக்கும். எந்தத் துறையின் வாசலில் நின்று தேடினாலும் அது கிடைக்கும் என்பதுதான் இதில் உள்ள பயன்.

மெஷ் போன்ற சொற்பட்டியல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் பெரும் பணியை அதே நூலகம் 1986-இல் தொடங்கியது. யு.எம்.எல்.எஸ். எனப்படும் அத்தொகுப்பில் ஒரு கருத்துக்கு ஓர் எண், காசநோய்க்கு சி0041296. எந்தப் பட்டியல் எந்தப் பெயரால் அழைத்தாலும் அந்த எண் மாறாது. பாடத்திட்டத்தை ஆராய இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் எனக்குத் தோன்றியதன்று. 1990-களின் முற்பகுதியிலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் பாடக் குறிப்புகளிலிருந்து மருத்துவக் கருத்துகளைக் கணினியால் பிரித்தெடுக்க முயன்றார்கள். 2000-களின் தொடக்கத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ‘நாலெட்ஜ்மேப்’ என்ற அமைப்பை உருவாக்கி, விரிவுரைக் கோப்புகளை அப்படியே ஏற்றினால் அதிலுள்ள சொற்றொடர்களை யு.எம்.எல்.எஸ். எண்களோடு பொருத்தித் தருமாறு செய்தார்கள். ஒரு நோயை எந்த ஆண்டில், எந்த ஆசிரியர், எந்த வகுப்பில் தொட்டார் என்பதை அங்குள்ள மாணவரால் தேடிப் பார்க்க முடிந்தது. என் மேசைக்கு வந்த மாணவர் கேட்டதும் இதைத்தானே?

எது எங்கே கற்பிக்கப்படுகிறது என்று காட்டும் பாடத்திட்ட வரைபடம் இங்கே இல்லாமலா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, பாதி தூரம் வந்து நிற்கிறது. 2019 ஆகஸ்டில் சேர்ந்த மாணவர்கள் முதலாக நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தின் மூன்று தொகுதிகளையும் நூலகத்தில் வைத்துப் பலமுறை புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு திறனுக்கும் துறையின் ஈரெழுத்துக் குறியும் எண்ணும் உண்டு. அறிந்திருந்தால் போதுமா, செய்து காட்ட வேண்டுமா, தனித்தே செய்யத் தெரிய வேண்டுமா என்ற படிநிலை உண்டு. கற்பிக்கும் முறைக்கும் மதிப்பிடும் முறைக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. நம் மருத்துவக் கல்வியில் இவ்வளவு ஒழுங்கான ஆவணம் இதற்கு முன் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் கடைசி இரண்டு பத்திகளைப் பாருங்கள். பிற துறைகளோடு செங்குத்தாகவும் கிடையாகவும் ஒருங்கிணைக்க வேண்டிய இடத்தில் ‘பொது மருத்துவம்’, ‘குழந்தை மருத்துவம்’ என்று துறையின் பெயர் மட்டுமே நிற்கிறது. அந்தத் துறையின் எந்தப் பாடத்தோடு, எந்த எண்ணோடு என்பது இல்லை. வீட்டு முகவரி கேட்டவருக்குத் தண்டையார்பேட்டை என்று மட்டும் சொல்லி அனுப்பியதற்கு ஒப்பானது இது.

குறியெழுத்துகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. இத்தொகுதிகளில் எம்.ஐ. என்றால் நுண்ணுயிரியல். அதே எழுத்துகள் நோயாளியின் தாளில் மாரடைப்பைக் குறிக்கும். பழைய தலைமுறை மருத்துவர் எழுதினால் மைட்ரல் வால்வு ஒழுகலாகவும் இருக்கலாம். பி.இ. என்றால் இங்கே குழந்தை மருத்துவம். வார்டில் நுரையீரல் இரத்தக்கட்டி அடைப்பு, நுரையீரல் உறை நீர்க்கோப்பு, பேறுகால இரத்த அழுத்தக் கோளாறு ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மனிதர் இடமறிந்து புரிந்துகொள்வார். ஆயிரக்கணக்கான பாடவேளைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எழுத்தை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அந்த மாணவருக்காகத் தொடங்கிய வேலையை நான் விடவில்லை. ஒரு பாடவேளைக்கு ஓர் அட்டை என்று வைத்து, மெஷ் தலைப்பு, துறை, ஆண்டு, நேரம் ஆகியவற்றைக் கையால் எழுதி ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கினேன். காசநோய் அட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு உண்மைகள் தெரிந்தன. மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கும் என்ற செய்தி மருந்தியலிலும் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் இரு முறை வந்திருந்தது. மறுபுறம், சளியில் கிருமி உள்ள தாயின் கைக்குழந்தையை என்ன செய்வது, பரிசோதிப்பதும் தடுப்பு மருந்து கொடுப்பதும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அட்டையே இல்லை. குழந்தை மருத்துவத் துறையினர் சமூக மருத்துவத்தில் நடத்தியிருப்பார்கள் என்றார்கள். சமூக மருத்துவத் துறையினர் குழந்தை மருத்துவத்தில் நடத்தியிருப்பார்கள் என்றார்கள். இரு தரப்பும் நல்ல ஆசிரியர்கள்தான். மற்றவர் அட்டவணையைப் பார்க்க வழியில்லாததால் வந்த வினை இது. ஒரே அறையில் பலர் வாழும் தெருக்கள் நிறைந்த வடசென்னையில் இக்கேள்வி ஏட்டுக்கேள்வி அன்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னோர் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளை விட்டு ஓடி வந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர்களின் படகும் வலையும் பாழாகியிருந்தன. செய்தி அறிந்த காலையில் நான் பெட்டியைத் திறந்து அமோனியா என்ற தலைப்பைத் தேடினேன். ஒரே அட்டை இருந்தது: சட்ட மருத்துவம், விஷவியல். பாடத்திட்டத் தொகுதியிலும் அங்கேதான், கார்பன் மோனாக்சைடு, மீத்தைல் ஐசோசயனேட், கண்ணீர்ப்புகை ஆகியவற்றோடு ஒரே வரியில் அது இடம்பெற்றிருக்கிறது. ஈரம் கண்ட இடத்தில் கரைந்து காரமாக மாறி, கண்ணிலும் தொண்டையிலும் திசுக்களை உருக்கி உள்ளே இறங்கக்கூடிய வாயு அது. கண்ணை உடனே நிறையத் தண்ணீரால் கழுவுவதுதான் முதல் உதவி. ஆக, கண் மருத்துவத்தில் காரப் புண் பற்றிய வகுப்பும், நெஞ்சக நோய்ப் பிரிவில் மூச்சுக்குழல் வீக்கம் பற்றிய வகுப்பும், அவசரப் பிரிவுப் பயிற்சியும் இதனோடு கைகோத்திருக்க வேண்டும். அந்த வகுப்புகள் நடக்காமல் இல்லை. அமோனியா என்ற சொல்லை அவற்றோடு யாரும் சேர்த்துக் கட்டவில்லை, அவ்வளவுதான். மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகளின் நிழலில் பயிலும் மாணவருக்கு இந்த முடிச்சு விடுபட்டிருப்பது, டெல்டா மாவட்டத்தில் பயிலும் மாணவருக்குப் பாம்புக்கடி விடுபட்டதற்கு நிகர்.

இங்கேதான் பொதுச்சொற்களின் முழுப் பயன் வெளிப்படுகிறது என்று நான் கருதுகிறேன். மருத்துவமனைகளின் ஆவணப் பிரிவில், வீடு திரும்பும் நோயாளியின் நோய்க்கு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.யின் எண் இடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பத்தாம் பதிப்பில் காசநோய் ஏ15 முதல் ஏ19 வரை, எலிக்காய்ச்சல் ஏ27. இன்னும் நுணுக்கமான நோயாளிப் பதிவுகளுக்கு ஸ்னோமெட் சி.டி. என்ற மருத்துவச் சொற்பட்டியல் உண்டு. அதை நடத்தும் பன்னாட்டு அமைப்பில் 2014-இல் இந்தியா உறுப்பினராகச் சேர்ந்தது. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் அதற்கான தேசிய மையமாகச் செயல்படுகிறது. இந்தியாவில் பயன்படுத்துவோர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இப்பட்டியல்கள் யு.எம்.எல்.எஸ். வழியாக மெஷ்ஷோடு பெருமளவு பொருந்துகின்றன. ஆக, வகுப்பறையில் ஒரு நோய்க்கு எத்தனை மணி நேரம் செலவாகிறது என்ற பட்டியலையும், அதே கல்லூரியின் மருத்துவமனைப் படுக்கைகளில் அந்நோய் எவ்வளவு என்ற பட்டியலையும் ஒரு தாளில் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். அரிதான, ஆனால் தவறவிட்டால் உயிர் போகும் நோய்களுக்குப் பாடத்தில் கூடுதல் இடம் தேவைதான். ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது வேறு, தெரியாமலேயே அப்படி இருப்பது வேறு.

இம்முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கணினிக்காரர்கள் அவற்றை உங்களிடம் சொல்லமாட்டார்கள். ஒரு சொல் விரிவுரைக் கோப்பில் வந்துவிட்டால் பாடம் நடந்துவிட்டதாகப் பொருளாகாது. ‘காசநோய் அன்று என்று உறுதி செய்க’ என்ற வரியும் காசநோய்க் கணக்கிலேயே சேரும். ஒரு முறை உச்சரித்த பெயரும் ஒரு மணி நேரம் விளக்கிய பெயரும் எண்ணிக்கையில் ஒன்றுபோலத் தோன்றும். ஆங்கிலத்தில் ‘கோல்டு’ என்ற ஒரே சொல் சளியையும் குறிக்கும், குளிரையும் குறிக்கும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பின் சுருக்கமாகவும் வரும். என் பெட்டியில் அறுவை மருத்துவத்தின் ‘கோல்டு ஆப்செஸ்’ அட்டையைக் கணினியிடம் கொடுத்திருந்தால் எந்தக் கிளையில் கொண்டுபோய் மாட்டியிருக்குமோ தெரியாது. ஆகவே கணினி முன்மொழியட்டும், அந்தப் பாடத்தை நடத்தியவர் சரிபார்க்கட்டும். சொல்லோடு நேரத்தையும், திறன்சார் பாடத்திட்டத்தில் உள்ள படிநிலையையும், தேர்வில் கேட்கப்பட்டதா என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். சொற்பட்டியல்களில் நோயும் மருந்தும் செழிப்பாக இருக்கும்; நோயாளியோடு பேசும் கலை, துயரச் செய்தி சொல்லும் பக்குவம் போன்றவற்றுக்குத் தலைப்புகள் இருந்தாலும் மெலிந்தே இருக்கும். அவற்றைப் பட்டியலில் இல்லை என்பதற்காகப் பாடத்திலும் இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது.

இதையொட்டி ஒரு கூடுதல் வேண்டுகோள். காசிமேட்டைச் சேர்ந்த அண்டைவீட்டு அம்மா ஒருவரோடு புறநோயாளர் பிரிவுக்குச் சென்றிருந்தேன். “ராவானா இழுப்பு வந்துடுது தம்பி” என்றார் அவர். பயிற்சி மருத்துவர் அக்கறையோடுதான் கேட்டார்: “கை கால் வெட்டி வெட்டி இழுக்குமாம்மா? வாயில நுரை தள்ளுமா?” அம்மா பதறிப்போய், “ஐயோ, அந்த இழுப்பு இல்ல தம்பி, மூச்சு இழுப்பு!” என்றார். அதற்குள் சீட்டில் வலிப்பு என்று எழுதியாகிவிட்டது; பிறகு அடித்துத் திருத்தினார். வீசிங், இளைப்பு, இழுப்பு, மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குது என்று எங்கள் மக்கள் சொல்லும் சொற்களை இந்த உலகப் பட்டியல்களின் எண்களோடு பொருத்தி வைக்கும் வேலையைச் செய்ய நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, கலைச்சொற்களையும் தொகுத்து வைத்தார். அவர் செய்தது நூலுக்கான சொற்கள். இப்போது வேண்டுவது புறநோயாளர் வரிசையில் வழங்கும் சொற்கள். ஒரு சொல்லுக்கு இரு நோய் இருக்குமானால், இரு எண்களையும் காட்டி, எதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதையும் மாணவருக்குச் சொல்லும் பட்டியலாக அது அமைய வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். மெஷ், யு.எம்.எல்.எஸ்., ஸ்னோமெட் மூன்றுக்கும் நமக்குக் கட்டணம் இல்லை. தேவைப்படுவது ஆள் நேரம். எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே நாளில் தொடங்கும்படி சுற்றறிக்கை அனுப்பினால், கடைசி வாரத்தில் யாரோ ஒரு முதுநிலை மாணவர் தலையில் வேலை விழுந்து, வாய்க்கு வந்த தலைப்புகளால் பத்திகள் நிரப்பப்படும் என்பது என் அனுபவம். இரண்டு மூன்று கல்லூரிகளை, அவற்றுள் ஒன்றையேனும் வடசென்னையிலிருந்து, தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டுக்குக் காசநோய், சுவாச நோய்கள், தொழிற்சாலை நச்சுகள் ஆகிய மூன்று பொருள்களில் மட்டும் முயன்று பாருங்கள். தலைப்பிடும் பொறுப்பில் நூலகரையும் உட்கார வையுங்கள். பல கல்லூரிகளில் அவர் நாற்காலிக் கணக்கெடுக்கும் வேலையில் வீணாகிக்கொண்டிருக்கிறார். இந்தப் பதிவுகளை ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்கோ கல்லூரி ஆய்வுக்கோ பயன்படுத்தமாட்டோம் என்று எழுத்துமூலம் உறுதியளியுங்கள். அவ்வுறுதி இல்லாவிட்டால் நடக்காத வகுப்புகளும் நடந்ததாகவே பதிவாகும். பிறகு வரைபடம் பொய்யான ஊருக்கு வழி காட்டும். முடிவுகளை மாணவர்களும் தேடிப் பார்க்கும்படி திறந்து வையுங்கள், ஏனெனில் எந்தப் பாடம் இரு முறை வந்தது, எது வரவேயில்லை என்பதை ஐந்தாண்டும் அமர்ந்து கேட்டவர்கள் அவர்கள் மட்டுமே.

செருப்புப் பெட்டி இன்னமும் என்னிடம் இருக்கிறது. சில அட்டைகளின் ஓரம் கரையானுக்கு இரையாகிவிட்டாலும் எழுத்து தெளிவாகவே உள்ளது. முயற்சியைத் தொடங்கும் கல்லூரி எதுவானாலும், தகவல் வந்தால் நானே கொண்டுவந்து கொடுத்து, உடனிருந்து முதல் நூறு பாடவேளைகளுக்குத் தலைப்பிட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.